தொலைதூர ரைபிளின் கட்டை: மரத்திலிருந்து அலுமினியம் வரை

துப்பாக்கியின் குழலையும் சுடும் பொறியையும் தாங்கி, அவற்றைச் சுடுபவரின் தோள், கன்னம், கைகள் ஆகியவற்றோடு இணைக்கும் பகுதி கட்டை எனப்படும். ஆங்கில வழக்கில் இது ஸ்டாக். ‘துப்பாக்கிக் கட்டையால் அடித்தனர்’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போது குறிப்பது இதன் பின்பகுதியை. பல நூற்றாண்டுகளாகக் கட்டை மரத்தால் ஆனது. இன்று தொலைதூரம் சுடும் ரைபிள்களில் கண்ணாடி இழையும் அலுமினியமும் அந்த இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. இந்த மாற்றத்தின் வரலாறு, ஒரு ரைபிளுக்குக் கட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்குகிறது.

உறுப்புகள்

கட்டையில் மூன்று பகுதிகள் உண்டு. தோளில் பதியும் பின்பகுதி அடிக்கட்டை. குழலுக்குக் கீழே நீண்டு, இடக்கை தாங்கும் பகுதி முன்கட்டை. இவ்விரண்டுக்கும் நடுவே விசையை இழுக்கும் கை பற்றும் ஒடுங்கிய பகுதி கழுத்து. அடிக்கட்டையின் மேல்விளிம்பில் கன்னம் படியும். அதன் உயரம் சரியாக இருந்தால்தான் கண், குறிபார்க்கும் கருவிக்கு நேராக வரும்.

கட்டைக்கு இரண்டு வேலைகள். குழலையும் பொறியையும் ஒவ்வொரு சுடுதலிலும் ஒரே நிலையில் பிடித்திருக்க வேண்டும். சுடுபவரின் உடலையும் ஒவ்வொரு முறையும் அதே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கிட்டத்தில் சுடும்போது இவற்றில் நேரும் சிறு பிழை தெரியாது. தூரம் கூடக் கூட அது பெருகும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணப் பிழை, 100 மீட்டரில் ஏறத்தாழ 2.9 செ.மீ. விலகலைத் தரும். 1000 மீட்டரில் அதே பிழை ஏறத்தாழ 29 செ.மீ. ஆகிவிடும். கட்டையின் வரலாறு முழுவதும் இந்தப் பிழையைக் குறைக்கும் முயற்சியின் வரலாறுதான்.

வடசென்னைத் தொடர்பு

வடசென்னையின் திருவொற்றியூர்ப் பகுதியில் இந்த வரலாற்றை நினைவூட்டும் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று விம்கோ நகர். சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் 1923-இல் இந்தியாவில் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் பெயர்ச்சுருக்கமே விம்கோ. அந்நிறுவனத்தின் தீப்பெட்டி ஆலை இங்கு இயங்கியதால் குடியிருப்புக்கும் ரயில் நிலையத்துக்கும் அப்பெயர் வந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் இங்கு வந்தபோதும் அதே பெயர் நிலைத்தது.

மற்றொன்று என்ஃபீல்டு. மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு, ரெட்டிச் நகரின் சைக்கிள் தயாரிப்பாளர்கள் 1890களில் நுண்பாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் பெற்றனர். அந்தப் பெருமையில் தங்கள் வண்டிக்கு அப்பெயரை வைத்தனர். ‘துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது’ என்ற பொருள் தரும் விளம்பர வாசகமும் பீரங்கிச் சின்னமும் அங்கிருந்து வந்தவை.

தீக்குச்சிக்கும் ரைபிள் கட்டைக்கும் மரம் தேர்ந்தெடுப்பதில் ஓர் ஒற்றுமை உண்டு. தீக்குச்சிக்கு மென்மையான, எளிதில் எரியும் மரம் வேண்டும். கட்டைக்குக் கடினமான, பல பத்தாண்டுகள் நிலைக்கும் மரம் வேண்டும். ஆனால் இரண்டிலும் மரத்தின் இழை நேராக ஓட வேண்டும். இழை குறுக்கே ஓடும் குச்சி உரசும்போது ஒடியும். கழுத்தில் இழை குறுக்கே ஓடும் கட்டை, பின்னுதைப்பில் அங்கேயே பிளக்கும்.

திரித்துப்பாக்கிக் காலம்

தென்னாசியாவில் 16-ஆம் நூற்றாண்டு முதல் பரவிய கைத்துப்பாக்கிகள், எரியும் திரியால் மருந்தைப் பற்றவைத்தவை. வட இந்தியாவில் தொராதார் எனப்பட்ட வகையின் கட்டை ஒடுங்கி, ஏறக்குறைய நேராக இருக்கும். குழலைக் கட்டையோடு உலோகப் பட்டைகளோ தோல் வார்களோ கம்பிச் சுற்றோ இறுக்கிப் பிடித்தன. இலங்கையின் சிங்களத் துப்பாக்கிகளில் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். ஆப்கானிஸ்தானின் ஜெசாயில் துப்பாக்கிக்கு நீண்ட குழலும் ஆழமாக வளைந்த அடிக்கட்டையும் இருந்தன. 1839 முதல் 1842 வரை நடந்த முதல் ஆங்கிலேய–ஆப்கானியப் போரில், கம்பெனிப் படையின் மஸ்கட்டுகளுக்கு எட்டாத தொலைவிலிருந்து மலைச்சரிவுகளில் ஜெசாயில்கள் சுட்டன. பாறையிலோ கவைக்காலிலோ சாய்த்து வைத்துச் சுடும் வழக்கம் அதற்குத் துணைநின்றது.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைகளுக்குச் செய்வித்த, 39 அங்குலக் குழல் கொண்ட மஸ்கட்டை 1790களில் பிரிட்டிஷ் அரசும் ஏற்றுக்கொண்டது. அது ‘இந்தியா பாணி’ என்றே பெயர் பெற்றது. பாளையக்காரர் போர்க் காலத்தில் கம்பெனிச் சிப்பாய்களின் கையில் இருந்தது இத்தகைய மஸ்கட்டே. அதன் கட்டை அக்ரூட் மரம். 100 கஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிவைத்து அடிப்பது அதற்கு அரிது. எனவே கட்டை உடலுக்குப் பொருந்துகிறதா என்று யாரும் கவலைப்படவில்லை. ஈட்டி முனையைப் பொருத்திக் குத்தவும், திருப்பி அடிக்கவும் உறுதியாக இருந்தால் போதும்.

1801-இல் தென்னகக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், தெற்குச் சீமையில் மக்களிடமிருந்த ஆயுதங்களைக் கம்பெனி அரசு பறித்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஆகவே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு வாடிக்கையாளரின் கை நீளத்தை அளந்து கட்டை செதுக்கிய தனிக் கொல்லர் மரபு, இங்கு வளர இடமில்லாமல் போயிற்று. இந்தியாவில் கட்டையின் கதை பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளின் கதையாகவே தொடர்ந்தது.

சுருள்காடியும் தொலைதூரமும்

குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டப்படும் காடிகள் குண்டைச் சுழலச் செய்து, அது நேராகப் பறக்க உதவும். இத்தகைய குழல் கொண்டதே ரைபிள். 1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள் இந்த நுட்பத்தைச் சாதாரணச் சிப்பாயின் கைக்குக் கொண்டுவந்தது. 1857 எழுச்சியோடு இணைத்துப் பேசப்படும் கொழுப்புத் தடவிய தோட்டா இந்த ரைபிளுக்கானது.

கட்டை செய்யும் முறையும் அப்போது மாறியது. அமெரிக்கரான தாமஸ் பிளான்சர்டு, 1819 அளவில் மாதிரிக் கட்டையைத் தடவிப் பார்த்து அதே வடிவில் மரத்தைக் கடையும் எந்திரத்தை உருவாக்கினார். 1850களில் என்ஃபீல்டு தொழிற்சாலை அமெரிக்காவிலிருந்து கட்டை செதுக்கும் எந்திரங்களை வாங்கியது. ஒரு தச்சர் ஒரு கட்டையை ஒரு குழலுக்கு மட்டும் பொருத்திய காலம் முடிந்தது. எந்தக் கட்டையும் எந்தப் பொறிக்கும் பொருந்தும் காலம் தொடங்கியது. போர்ப்படைக்கு இது பெரும் வசதி. நுட்பமாகச் சுடுபவருக்கு இதில் ஓர் இழப்பும் இருந்தது. எல்லாக் கட்டையும் எல்லாருக்கும் பொருந்தும் என்றால், எந்தக் கட்டையும் ஒருவருக்கென்று முழுமையாகப் பொருந்தாது.

1860 ஜூலையில் பிரிட்டிஷ் தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் போட்டி விம்பிள்டனில் நடந்தது. விக்டோரியா அரசி 400 கஜத் தொலைவில் முதல் குண்டைச் சுட்டார். அது இலக்கின் மையத்தருகே பாய்ந்தது. அரசி ரைபிளைத் தோளில் ஏந்தவில்லை. விட்வொர்த் ரைபிள் ஓர் இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்தப்பட்டிருந்தது. அவர் இழுத்தது விசையோடு இணைத்த கயிற்றை மட்டுமே. நல்ல குழலுக்கு அசையாத பிடி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை அந்த ஒரு குண்டு காட்டியது. இரும்புத் தாங்கி செய்ததை மனிதத் தோளில் செய்ய வேண்டியது கட்டையின் பொறுப்பு.

லீ-என்ஃபீல்டும் இச்சாபூரும்

1888-இல் வந்த லீ-மெட்ஃபோர்டும் அதன் வழியில் 1895-இல் வந்த லீ-என்ஃபீல்டும் இரு துண்டுக் கட்டை கொண்டவை. அடிக்கட்டை தனியாக, பொறியின் பின்னுள்ள உலோகக் குழியில் நீண்ட திருகால் இறுக்கப்பட்டது. முன்கட்டை தனியாக, குழலின் வாய்வரை நீண்டது. ஒரே பெரிய குறையற்ற மரத்துண்டு தேவைப்படாததால் மரம் மிச்சமானது. கழுத்து பிளந்தால் அடிக்கட்டையை மட்டும் மாற்றலாம்.

இந்த அமைப்பு வேறொரு வசதியையும் தந்தது. அடிக்கட்டைகள் நடுத்தர அளவிலும், அதைவிட அரை அங்குலம் நீண்டும், அரை அங்குலம் குறைந்தும் கிடைத்தன. பின்னர் ஓர் அங்குலம் குறைந்த அளவும் சேர்ந்தது. குட்டையான கை கொண்டவருக்கும் நெட்டையானவருக்கும் தனித்தனிக் கட்டை கிடைக்கும். தனிப்பயன் ரைபிள் செய்பவர் இன்று முதலில் அளப்பதும் இதைத்தான்: அடிக்கட்டையின் பின்விளிம்பிலிருந்து விசை வரை உள்ள நீளம்.

வங்காளத்தின் இச்சாபூரில் ரைபிள் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கி லீ-என்ஃபீல்டு ரைபிள்களைச் செய்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு, அதே அமைப்பில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கான 2ஏ, 2ஏ1 ரைபிள்கள் இங்கு உருவாயின. முதல் மாதிரியின் குறிமானி 2000 மீட்டர் வரை அளவிடப்பட்டிருந்தது. 2ஏ1-இல் அது 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது. குறிமானியில் எண்ணைப் பொறிப்பதால் மட்டும் ரைபிள் அவ்வளவு தூரம் துல்லியமாகச் சுட்டுவிடாது என்ற அனுபவ அறிவு இதில் தெரிகிறது.

மழையும் மரமும்

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் விடும். பச்சை மரம் முழுவதும் காயும்போது இழையின் போக்கில் ஏறக்குறைய 0.1 விழுக்காடே சுருங்கும். குறுக்கே பல விழுக்காடு சுருங்கும். காய்ந்த மரத்திலும் இந்த இயக்கம் நிற்பதில்லை. எண்ணெயும் மெழுகும் அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிப் பிடித்துக்கொள்வதைச் சென்னைக் கடற்கரை ஓரம் வாழ்பவர்கள் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். பங்குனியில் அதே கதவு தளர்ந்துவிடும். குழலை வாய்வரை மரத்தால் மூடிய ரைபிளில் இதே இறுக்கம் குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். சுடும்போது குழல் அதிரும். ஒரு பக்கம் மரம் அழுத்தினால் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். நேற்றுச் சரிபார்த்த குறி இன்று பொய்க்கும்.

போர்க்காலத்தில் நல்ல அக்ரூட் மரம் கிடைக்காதபோது சிக்கல் கூடியது. இங்கிலாந்து பீச், பிர்ச் மரங்களுக்குப் போயிற்று. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை உள்நாட்டு மரங்களைப் பயன்படுத்தியது. அவை மென்மையாக இருந்ததால், பின்னுதைப்பு விழும் இடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தனர். இச்சாபூர் ரைபிள்களின் முன்கட்டையில் குறுக்காக ஒரு திருகு இறுக்கப்பட்டது. மரம் பிளக்காமல் இருக்கவே அது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதை ‘இச்சாபூர் திருகு’ என்கின்றனர். வெப்ப மண்டலத்தில் மரக்கட்டை எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு அந்தச் சிறு திருகு ஒரு சான்று.

மரத்தை விடாமலே தீர்வு காணும் வழியும் உண்டு. மெல்லிய தகடுகளாக உரித்த மரத்தை, இழைகள் மாறி மாறி அமைய ஒட்டினால் ஒன்றின் இயக்கத்தை மற்றொன்று தடுக்கும். தீக்குச்சி ஆலைகளும் மரத்தை இதேபோல் தகடாக உரித்துத்தான் குச்சியாக நறுக்கின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய மவுசர் ரைபிள்கள் பல இத்தகைய ஒட்டுக்கட்டை கொண்டிருந்தன. இந்தியப் படையும் பயன்படுத்தும் ரஷ்யாவின் டிராகுனோவின் முந்தைய மாதிரிகளிலும் ஒட்டுப்பலகைக் கட்டை இருந்தது.

கன்னமும் கண்ணும்

தொலைநோக்கி பொருத்தியதும் புதிய சிக்கல் வந்தது. அது குழலுக்கு மேலே உயரமாக அமர்வதால், பழைய கட்டையில் கன்னத்தைப் பதித்தால் கண் கீழே இருந்துவிடும். தலையைத் தூக்கிப் பார்த்தால் கன்னத்துக்குப் பிடிப்பு இல்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம், தேர்ந்தெடுத்த எண் 4 ரைபிள்களை மறைந்திருந்து சுடுவோருக்காக மாற்றியமைத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ரைபிள்கள் இவ்வாறு மாறின. தொலைநோக்கியோடு அடிக்கட்டையின் மேல் ஒரு மரத்துண்டும் திருகி வைக்கப்பட்டது. கன்னத்தை உயர்த்துவதே அதன் வேலை. இன்றைய கட்டைகளில் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய கன்னத்தாங்கி, அந்த மரத்துண்டின் வழித்தோன்றல்.

கண்ணாடி இழையும் அலுமினியமும்

வியட்நாம் போரில் அமெரிக்க மரைன் படைவீரர்களின் எம்40 ரைபிள், மரக்கட்டையோடு காட்டுக்குள் போயிற்று. ஈரத்தில் மரம் முறுக்கிக்கொண்டு குழலில் பட்டது. 1970களில் வந்த எம்40ஏ1, மெக்மில்லன் நிறுவனத்தின் கண்ணாடி இழைக் கட்டையை ஏற்றது. அது ஈரம் குடிக்காது. 1988-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்ற எம்24-இல், இழைக் கட்டைக்குள்ளே ஓர் அலுமினியப் பாளம் பதிக்கப்பட்டது. பொறி அதன்மேல் உலோகத்தோடு உலோகமாக அமர்ந்தது.

அடுத்த படியை எடுத்தவர் 1984-இலும் 1988-இலும் ஒலிம்பிக் ரைபிள் போட்டியில் தங்கம் வென்ற பிரிட்டனின் மால்கம் கூப்பர். அவரும் நண்பர்களும் தொடங்கிய அக்யூரசி இண்டர்நேஷனல், அலுமினியச் சட்டகத்தில் பொறியைப் பொருத்தி, அதன் இருபுறமும் நெகிழிப் பலகைகளை மூடியது. பிரிட்டிஷ் படை 1980களில் இந்த ரைபிளை எல்96 என ஏற்றது. இதில் கட்டை என்பதே வெளியோடு மட்டும். சேசிஸ் எனப்படும் இவ்வகைச் சட்டகம் பின்னர் உலகெங்கும் பரவியது.

தேர்வு செய்யும்போது

ஒருவருக்கெனச் செய்யப்படும் தொலைதூர ரைபிளில் கட்டையைத் தேர்வதற்கு, மேற்கண்ட வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது.

- பொருத்தம்: தோளிலிருந்து விசை வரையிலான நீளம், கன்னத்தின் உயரம், பிடியின் சாய்வு ஆகியவை சுடுபவரின் உடலுக்கு ஒத்துவர வேண்டும். கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்து, கண்ணைத் திறக்கும்போது தொலைநோக்கியின் முழுக் காட்சியும் தெரிந்தால் பொருத்தம் சரி.
- படுக்கை: பொறி கட்டையில் அமரும் இடம் அசையக் கூடாது. மரத்திலும் இழைக் கட்டையிலும் இதற்காக எபாக்சி பிசின் ஊற்றி அச்சுப்போல் பதிப்பர். திருகு மரத்தை நசுக்காதபடி உலோகக் குழாய்களைச் செருகுவர். சேசிஸில் இந்த வேலை பெரும்பாலும் தேவைப்படாது.
- குழலின் விடுதலை: முன்கட்டை குழலைத் தொடாமல் சுற்றிலும் இடைவெளி இருக்க வேண்டும். தாங்கியில் வைத்து அழுத்தினாலும் தொடக் கூடாது.
- எடை: கனமான கட்டை பின்னுதைப்பைக் குறைக்கும், நிலையாக நிற்கும். மலையேறித் தூக்கிச் செல்பவருக்கு அதே எடை சுமை.
- தட்பவெப்பம்: கடலோர ஈரத்தில் மரம் அசையும், அலுமினியம் அரிக்கும், நல்ல இழைக் கட்டை இரண்டையும் தாங்கும். பனியில் உலோகம் கன்னத்தைச் சுடும், மரமும் இழையும் அவ்வளவு சுடா.

இவற்றில் முதலிடம் பொருத்தத்துக்கு. விலையுயர்ந்த சேசிஸ் உடலுக்கு ஒவ்வாவிட்டால், நன்றாகப் பதிக்கப்பட்ட பழைய மரக்கட்டை அதைத் தோற்கடிக்கும்.

இந்தியாவில் இன்று

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் மாற்றியமைப்பதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். படைத் தோட்டாக்களைச் சுடும் ரைபிள்கள் குடிமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. அதனால்தான் இச்சாபூர் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்டு பொறியை ஒட்டி .315 விளையாட்டு ரைபிளைக் குடிமக்களுக்கெனச் செய்தது. விருப்பம்போல் பாகங்களை வாங்கிச் சேர்க்கும் மேலைநாட்டு வழக்கம் இங்கு இல்லை.

தமிழ்நாட்டில் இத்துறையின் மையம் திருச்சி. 1966-இல் நிறுவப்பட்ட திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை, 12.7 மி.மீ., 14.5 மி.மீ. குழல்களை மாற்றிப் பொருத்தக்கூடிய வித்வன்சக் என்னும் தொலைதூரப் பெருரைபிளைச் செய்தது. அதில் குழலும் பொறியும் சட்டகத்துக்குள் பின்னோக்கி நகர்ந்து உதைப்பை உள்வாங்கும். அத்தகைய தோட்டாவின் உதையை வெறும் மரக்கட்டை தோளுக்கு அப்படியே கடத்திவிடும்.

கட்டையின் நுட்பத்தை நம் இளைஞர்கள் நேரடியாகக் கற்கும் இடம் விளையாட்டு அரங்கம். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்று ரைபிளில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அதே பிரிவில் உலகத் தரவரிசையில் முதலிடம் வகித்தவர். 10 மீட்டர் தொலைதூரம் அன்று. எனினும் காற்று ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே கொண்டது. அதனால் அவ்விளையாட்டின் அலுமினியக் கட்டைகளில் கன்னம், தோள், கை எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகுகள் உண்டு. புதிதாகச் சேரும் வீரர் அவற்றைத் தன் உடலுக்கேற்பச் சரிசெய்து, அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார். வளரும் வயதில் கை நீளும்போது அந்த அளவுகளையும் மாற்றுகிறார். அரை அங்குலக் கணக்கில் அடிக்கட்டையை மாற்றிய லீ-என்ஃபீல்டு காலத்துப் பாடம், இப்போது மில்லிமீட்டர்க் கணக்கில் தொடர்கிறது.